விரலே விழியான ஓவியர்

நிலத்தின் அடியில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், சிறு விளக்கின் ஒளியை நம்பி உழைத்தோரின் மக்கள் நாம். பாறையைத் தட்டி அதன் ஓசையால் உறுதியை அறியும் செவியும், இருளில் தடவிக் கருவியை இனங்காணும் கையும் நம் முன்னோர்க்கு வாய்த்திருந்தன. எனவே, கண்ணொளியை முற்றும் இழந்த பின்னரும் சுவரில் ஓடு பதித்துச் சித்திரம் சமைத்த பெருங்கலைஞர் வினோத் பிகாரி முகர்ஜியின் வரலாற்றைத் தங்கவயல் தமிழ்க் குடும்பங்களின் கையில் தவழும் இம்மலரில் எழுதுவது பொருத்தமே எனக் கருதுகிறோம்.

அன்னார் 1904-ஆம் ஆண்டு கல்கத்தாவை அடுத்த பெஹாலாவில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வையில்லை. மறு கண்ணிலோ கடுமையான கிட்டப்பார்வை. பள்ளிப் படிப்பு ஒழுங்காக நடைபெறவில்லை. இப்பிள்ளை என்ன ஆவானோ என்று பெற்றோர் கலங்கியிருந்த காலத்தில், சாந்திநிகேதன் அவருக்குப் புகலிடமாயிற்று. 1919-இல் அங்குக் கலாபவனம் தோன்றியபோது, அதன் முதல் மாணவர்களுள் ஒருவராக அவர் சேர்ந்தார்.

பார்வை குன்றியவர் ஓவியம் பயில்வது எங்ஙனம் என்று ஆசான் நந்தலால் போஸ் ஐயுற்றார். கவியரசர் தாகூரோ, பிள்ளைக்கு ஆர்வமும் உழைப்பும் உளவாயின் அவன் வழியில் விட்டுவிடுக என்னும் கருத்தினராக இருந்தார். அந்த ஓர் இசைவே ஒரு வாழ்வைக் காத்தது. குறையுள்ள குழந்தையைக் கண்டதும் இது உதவாது என முடிவு கட்டிவிடும் பெரியோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1925 முதல் கலாபவனத்திலேயே ஆசிரியப் பணி ஏற்றார். 1937-இல் ஜப்பான் சென்று கீழ்த்திசை ஓவிய நெறிகளைக் கண்டறிந்தார். பின்னர் அவர் உள்ளம் சுவரோவியத்தில் ஊன்றியது. 1940-இல் மாணவர் விடுதியின் கூரை முழுவதையும் பீர்பூம் நாட்டுப்புறக் காட்சிகளால் நிரப்பினார்.

அவருடைய சுவரோவியங்களுள் தலையாயது, 1946-47-இல் இந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் தீட்டிய அடியார் வரலாறு. சுண்ணச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தை ஏற்ற வேண்டும். உலர்ந்த பின் திருத்த இயலாது. பிழை நேரின் சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டு மீண்டும் பூச வேண்டும். இத்தகைய சுவரில், முன்வரைவைப் படியெடுத்துப் பதிக்காமல் நேரே தீட்டினார் அவர். மன்னரையும் போரையும் விடுத்து, தறி நெய்த கபீரையும் அவர் போன்ற அடியார்களையும், அவர்களைச் சூழ்ந்த உழைக்கும் மக்களையும் அதில் உலவவிட்டார். தமிழகத்து இராமானுசர்க்கும் அங்கு இடமுண்டு. அப்பணியில் துணைநின்ற இளைஞருள் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று அங்குச் சென்ற கே. ஜி. சுப்பிரமணியன் ஆவார். இவரும் பிற்காலத்தில் பெரும் புகழ் எய்தினார்.

1949-இல் நேபாளம் சென்று அருங்காட்சியகப் பணி ஆற்றினார். பின்னர் இராஜஸ்தானத்து வனஸ்தலியிலும் முசூரியிலும் கலை பயிற்றுவித்தார். 1956-இல் கண்ணில் செய்த அறுவை சிகிச்சை பலன் தரவில்லை; எஞ்சியிருந்த ஒளியும் மறைந்தது. அப்போது அவர்க்கு வயது 52. ஓவியனுக்கு இதனினும் கொடிய இழப்பு வேறென்ன இருத்தல் கூடும்?

அவர் அழுது அமர்ந்துவிடவில்லை. சாந்திநிகேதனுக்குத் திரும்பிக் கலை வரலாறு கற்பித்தார். வீட்டிலோ விரல்கள் புதுத் தொழில் பழகின. தாளை வெட்டியும் மடித்தும் ஒட்டியும் உருவங்கள் ஆக்கினார். களிமண்ணையும் மெழுகையும் பிசைந்து பொம்மைகள் செய்தார். வண்ணத்தின் ஓரத்தை விரல் அறியாது. வெட்டிய தாளின் ஓரத்தை அறியும். இவ்வுண்மையே அவரை ஓட்டுச் சித்திரத்திடம் கொண்டுசேர்த்தது.

சூளையில் சுட்ட வண்ண ஓடு கைக்கு அடங்குவது, விளிம்புடையது, வைத்த இடத்தில் நிற்பது. ஓட்டோடு ஓடு சேர்கையில் உருவம் பிறக்கிறது. தாளில் மடித்து அமைத்த மனித வடிவங்களை மூலமாகக் கொண்டு, 1972-இல் கலாபவனத்தின் வெளிச்சுவரில் பெரியதோர் ஓட்டுச் சித்திரத்தை நிறைவேற்றினார். கண்ணுக்குரிய வேலையை மாணவர் செய்தனர். கருத்தும் தீர்ப்பும் அவருடையவை. அவரிடம் பயின்ற சத்தியஜித் ராய் அவ்வாண்டிலேயே ஆசானைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்து, அவர் புகழை நாடறியச் செய்தார். 1974-இல் பத்மவிபூஷண் விருது கிடைத்தது. 1980-இல் அவர் மறைந்தார். அவர் மகள் மிருணாளினி, சணற் கயிற்றை முடிந்து மாபெரும் சிற்பங்கள் படைத்தவர். கையின் அறிவு தலைமுறை தாண்டியது போலும்!

2001-இல் நம் சுரங்கங்கள் மூடப்பட்டன. உரிகத்திலும் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் எத்தனையோ இல்லங்களில், கற்ற தொழிலுக்கு இடமின்றிக் கைகள் ஓய்ந்தன. வினோத் பிகாரி இழந்ததை மீட்டவர் அல்லர். அவர் கண்ணொளி திரும்பவே இல்லை. எஞ்சியது எது என்று தேடி, அதற்கேற்ற பொருளைக் கைக்கொண்டார். அவ்வளவே அவர் செய்தது. அதனை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோமாக; நாமும் நெஞ்சில் இருத்துவோமாக.