நியூயார்க்கில் ஒரு ஆய்வேடு, சபர்மதியில் ஒரு திருப்பம்: யார் இந்த ஜே.சி.குமரப்பா?

பீர்க்கன்கரணையில் வீடு வைத்திருப்பவர்கள் 2021-க்கு முன்பு சொத்து வரியைப் பேரூராட்சியில் கட்டினார்கள். இப்போ தாம்பரம் மாநகராட்சிக்குக் கட்டுகிறார்கள். ரசீதில் பெயர் மாறிவிட்டது, மக்கள் மனசில் இருக்கும் கேள்வி மாறவில்லை. கட்டின காசு எங்கே போகுது, நம்ம தெருவுக்கு அதில் எவ்வளவு திரும்பி வருது?

இந்தக் கேள்விக்குப் பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கும் பெயர் பொது நிதி. பப்ளிக் பாலிசியில் மாஸ்டர்ஸ் படிக்கப் போகும் யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. ஏறக்குறைய 100 ஆண்டுகளுக்கு முன்பு இதையே படிக்க நியூயார்க் போன ஒரு தமிழர், அங்கே எழுதிய ஒரே ஒரு ஆய்வேட்டால் தன் மொத்த வாழ்க்கையையும் மாற்றிக்கொண்டார். அவர்தான் ஜே.சி.குமரப்பா.

ஆடிட்டராக இருந்தவர்

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். மகன் லண்டன் போய் கணக்குத் தணிக்கை படித்து, அங்கேயே தொழிலும் செய்தார். அம்மா கூப்பிட்டதால் இந்தியா திரும்பி, பம்பாயில் சொந்தமாக ஒரு ஆடிட் நிறுவனத்தை நடத்தினார். நல்ல வருமானம், மேல்நாட்டு உடை, மேல்நாட்டுப் பழக்கம். அரசியல் பக்கமே எட்டிப் பார்க்காதவர்.

1927-ல் அமெரிக்கா கிளம்பும்போது அவருக்கு வயது 35. வேலைக்கு நடுவில் திரும்பப் படிக்கப் போகலாமா என்று யோசிப்பவர்கள் இந்த வயதைக் குறித்துக்கொள்ளலாம். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டம் வாங்கிவிட்டு, பொது நிதி படிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பேராசிரியர் எட்வின் செலிக்மேன். வரி பற்றிய பாடத்தில் அன்றைக்கு உலகறிந்த பெயர். இதே செலிக்மேனிடம் சில ஆண்டுகளுக்கு முன்பு படித்த இன்னொரு இந்திய மாணவர் அம்பேத்கர். பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றி அவர் எழுதிய நூலுக்கு முன்னுரை கொடுத்ததும் செலிக்மேன்தான். ஒரே வகுப்பறை வழியாக வந்த இருவரும் பின்னால் கிராமம் என்பதை நேர் எதிராகப் பார்த்தார்கள் என்பது தனிக்கதை.

நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று குமரப்பா பேசினார். பேச்சு பத்திரிகையில் வந்தது. அதைப் படித்த செலிக்மேன், இதையே பொது நிதி வழியாக ஆராய்ந்து ஆய்வேடாக எழுதச் சொன்னார்.

ஆடிட்டருக்கு இது பழகின வேலை. அரசாங்கத்தின் வரவு செலவை ஒரு கம்பெனி கணக்கைப் போலப் பிரித்துப் பார்த்தார். வரி வருவது ஏழை விவசாயியிடமிருந்து. செலவாவதோ பெரும்பாலும் ராணுவத்துக்கும், கடனுக்கும், அதிகாரிகளின் சம்பளத்துக்கும். பள்ளி, மருத்துவம், பாசனம் எல்லாம் கடைசி வரிசையில். வரிப்பணம் வாய்க்காலாகவோ பள்ளியாகவோ ஊருக்கே திரும்பினால் ஊர் வளரும். திரும்பாவிட்டால் வரியே ஊரை உறிஞ்சிவிடும். அவர் வந்து சேர்ந்த இடம் இதுதான். ஆட்சியை எதிர்க்க வேண்டும் என்று தொடங்கியவரில்லை. கணக்குதான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

மரத்தடியில் ஒரு சந்திப்பு

1929-ல் நாடு திரும்பினார். குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ஆய்வேட்டை அச்சில் கொண்டுவர வேண்டும், அதற்கு யாரைப் பார்ப்பது என்று தேடியபோது காந்தியிடம் போகச் சொன்னார்கள். 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்தில் மரத்தடியில் ஒரு முதியவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். குமரப்பா அவரைப் பார்த்தபடி சற்று நேரம் நின்ற பிறகுதான் அது காந்தி என்று தெரிந்தது. சூட்டோடு தரையில் உட்காரச் சிரமப்பட்டவருக்கு நாற்காலி வந்தது; அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வேட்டை யங் இந்தியாவில் தொடராக வெளியிடச் சம்மதித்த காந்தி, கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாதர் தாலுகா கிராமங்களின் பொருளாதார நிலையை நேரில் கணக்கெடுக்க வேண்டும். குமரப்பாவுக்கோ குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். என்ன விளைகிறது, எவ்வளவு கடன், எவ்வளவு வரி என்று கேட்டு எழுதினார்கள். கொலம்பியா நூலகத்தில் மொத்தத் தொகையாகப் பார்த்த வறுமையை இங்கே ஒவ்வொரு குடும்பமாகப் பார்த்தார். முதுகலைப் படிப்பு உண்மையில் முடிந்தது மாதரில்தான் என்று சொன்னால் தப்பில்லை.

அதன் பிறகு பம்பாய் ஆடிட் தொழிலுக்கு அவர் திரும்பவில்லை. கதர் உடுத்தினார், யங் இந்தியாவில் எழுதினார், பலமுறை சிறை போனார். பிரிட்டனுக்கு இந்தியா தர வேண்டிய கடன் நியாயமானதா என்று ஆராய 1931-ல் காங்கிரஸ் அமைத்த குழுவிலும் பணியாற்றினார்.

1934 பிஹார் நிலநடுக்கத்தின்போது நிவாரண நிதிக் கணக்கு இவர் கையில். காந்தியும் உடன் வந்தவர்களும் அங்கே தங்கியபோது, அவர்களின் செலவை நிவாரணப் பணத்திலிருந்து தர மறுத்துவிட்டார். மக்கள் கொடுத்த காசு, பாதிக்கப்பட்டவர்களுக்குத்தான்! காந்தி கோபப்படவில்லை. அதே ஆண்டு தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தும் பொறுப்பு குமரப்பாவிடமே வந்தது.

நேரு தலைமையில் 1938-ல் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் சேர்ந்தவர், சில மாதங்களிலேயே விலகினார். பெரிய ஆலைகளை மையமாக வைத்த திட்டம் அவருக்கு ஒத்துவரவில்லை. அந்தச் சந்தேகம் சில இடங்களில் அளவு மீறிப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் மண்ணையும் நீரையும் தீர்த்துவிட்டு வளர்ச்சி என்று சொல்ல முடியாது என 1940-களிலேயே சிறையில் உட்கார்ந்து புத்தகம் எழுதியவர் அவர். சுற்றுச்சூழல் கொள்கை என்று தனிப் பாடம் வருவதற்கு ரொம்ப முன்னால்!

சுதந்திரத்துக்குப் பின் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவரானார். உழுபவருக்கே நிலம், நிலத்துக்கு உச்சவரம்பு என்று 1949-ல் வந்த அறிக்கை பரிந்துரைத்தது. மாநில அரசுகள் அதில் தங்களுக்குத் தோதானதை மட்டும் எடுத்துக்கொண்டன.

கடைசி ஆண்டுகளில் மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதனுக்கு வந்துவிட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960 ஜனவரி 30 அன்று சென்னையில் காலமானார். 12 ஆண்டுகளுக்கு முன்பு காந்தி சுடப்பட்டதும் அதே தேதியில்தான்.