தாடை மரத்த கதை

போன லீவுக்கு மாகறல் வந்தப்போ கடவாப்பல் வலி. காஞ்சிபுரத்துல டாக்டர், ஊசி போடறதுக்கு முன்னாடி மருந்துக் குப்பியை உள்ளங்கையில கொஞ்ச நேரம் பொத்தி வெச்சிருந்தார். ஏன்னு கேட்டேன். மருந்து சில்லுன்னு இருந்தா உள்ளே போகும்போது வலிக்கும், உடம்புச் சூட்டுக்குப் பக்கத்துல, அதாவது 37 டிகிரி கிட்ட இருந்தா வலி குறையும்னார். கொஞ்ச நேரத்துல பாதி உதடு இருக்கிற இடமே தெரியல. தாடை நரம்பை இப்படி மரக்க வைக்க முதல்ல வழி கண்டவர் யார்னு வீட்டுக்கு வந்து தேடினேன்.

வில்லியம் ஹால்ஸ்டெட். 1852-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1884-ல் வியன்னாவின் கார்ல் கோலர், கோகெய்ன் சொட்டு விட்டால் கண் மரத்துப்போகும் என்று காட்டினார். அதைப் படித்த ஹால்ஸ்டெட் ஒரு படி மேலே யோசித்தார்: வலிக்கிற இடத்தில் எதுக்கு? அங்கே போகிற நரம்பின் பாதையிலேயே போட்டால்? மெயின் சுவிட்சை அணைக்கிற மாதிரி. கீழ்த்தாடை நரம்பிலும் அது பலித்தது.

ஆனா சோதனை எலி யார் தெரியுமா? அவரும் அவர் நண்பர்களும்தான். கோகெய்ன் அடிமையாக்கும் என்பது அப்போ சரியாகத் தெரியாது. கூட இருந்த சிலர் வாழ்க்கையே போச்சு. ஹால்ஸ்டெட் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். கோகெய்னை விடுவிக்க மார்ஃபின் கொடுத்தாங்க, அது ஒட்டிக்கொண்டது.

அப்படியும் எழுந்தார். 1889-ல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் முதல் தலைமை அறுவை மருத்துவர் அவர்தான். கிருமிநாசினியால் கை புண்ணான நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனுக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். 1890-ல் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். 1922-ல் இறந்தார். மார்ஃபின் பழக்கம் பல வருஷம் தொடர்ந்த விஷயம், நண்பர் ஆஸ்லரின் ரகசியக் குறிப்பு 1969-ல் வெளிவந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிஞ்சது.

இன்னைக்கு நமக்குப் போடறது கோகெய்ன் இல்ல. 1943-ல் ஸ்வீடனில் உருவான லிடோகெய்ன். அதைச் சூடாக்கினா மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுகள் கூடும். நரம்பின் சவ்வைத் தாண்டி சுலபமா உள்ளே போறது அதுங்கதான். அதனால மரப்பும் சீக்கிரம் வரலாம்.

டாக்டர் கைச்சூடு எனக்கு ஒரு நிமிஷ வலியை மிச்சம் பண்ணுச்சு. அந்த ஊசிக்கு விலை கொடுத்தவங்க யாருன்னு தெரிஞ்சப்போ, பல்வலிக்காக அன்னைக்கு அழுதது கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்துச்சு.