நூலகத்துக்கு வந்த கணித ஆசிரியர்: எஸ். ஆர். ரங்கநாதன்

கடலோரத்து எஃகுப் பாலமொன்றின் பற்றவைப்பு இணைப்புகளில் ஏன் விரிசல் விழுகிறது என்று ஒரு பொறியியல் மாணவர் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வேண்டிய ஆய்வு நூலகத்தில் எங்கே இருக்கும்? கட்டுமானப் பொறியியலோடு 624இலா, பொருள்களின் வலிமையோடு 620இலா, உலோகவியலோடு 669இலா? மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில் ஒரு நூலுக்கு அடுக்கில் ஓரிடம்தான். மற்ற இரண்டு வழிகளில் வருபவர் வெறுங்கையோடு திரும்பக்கூடும். இந்தச் சிக்கலின் வேரைப் பிடித்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த ஒரு தமிழர்.

சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன் படித்தது கணிதம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியரிடம் பயின்று 1916இல் முதுகலைப் பட்டம் பெற்றார். திக்குவாய்த் தொல்லை இருந்தும் ஆசிரியர் வேலையையே விரும்பி ஏற்றார். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் கற்பித்துவிட்டுச் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை நூலகராக நியமித்தது. ஆள் வராத நூலகத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குத் தாங்கவில்லை. வகுப்பறைக்கே திரும்பிவிட எண்ணினார். ஆனால் நூலகப் பயிற்சிக்காக லண்டன் செல்ல வேண்டியிருந்தது. அந்தப் பயணம் அவர் மனத்தை மாற்றியது.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பெர்விக் சேயர்ஸிடம் வகைப்படுத்தும் கலையைக் கற்றார். கற்கக் கற்க, டியூயி முறையின் குறையும் தெரிந்தது. எல்லாப் பொருள்களுக்கும் முன்கூட்டியே பெட்டி செய்து வைக்கும் முறை அது. புதிதாக ஒரு துறை முளைத்தால் அதற்குப் பெட்டி இராது. அந்நாளில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். சில தகடுகள், சில திருகாணிகள். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான பொம்மைகள். பொருள்களையும் இப்படிப் பூட்டலாமே என்று தோன்றியது. திருகாணிக்குப் பதில் முக்காற்புள்ளி. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறையின் பெயர்க் காரணம் இதுதான்.

ஒரு பொருளை அவர் பட்டை பட்டையாகப் பிரித்தார், வைரத்துக்கு இருப்பதுபோல. எதைப் பற்றியது, எப்பொருளால் ஆனது, என்ன நிகழ்கிறது, எங்கே, எப்போது என்று ஐந்து கேள்விகள். மேலே சொன்ன ஆய்வில் பாலம் ஒரு பட்டை, எஃகு ஒரு பட்டை, விரிசல் ஒரு பட்டை. மூன்றையும் கோத்துத்தான் அதன் எண் அமையும். அந்த எண்ணின் ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் அகரவரிசைப் பதிவு எடுக்கும் முறையையும் அவரே வகுத்தார். மாணவர் எந்தச் சொல்லோடு வந்தாலும் அவருக்கு ஒரு வாசல் திறந்திருக்கும்.

இதெல்லாம் யாருக்காக? 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகள் பதில் சொல்கின்றன. நூல் பயன்படுவதற்கு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு, வாசகரின் நேரம் வீணாகக்கூடாது, நூலகம் வளரும் உயிர் என்பது அவற்றின் சாரம். பூட்டிக் காப்பதே நூலகர் கடமை என்றிருந்த காலத்தில், சென்னையில் வாசகர்களை அடுக்குகளுக்கு இடையே நடமாட விட்டவர் அவர். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியதற்கும் அவர் உழைப்பே பெருங்காரணம்.

1945இல் சென்னையை விட்டுக் காசிக்கும், 1947இல் தில்லிக்கும் சென்றார். 1955 முதல் இரண்டாண்டுகள் சூரிச்சில் தங்கி எழுதினார். போருக்குப்பின் தொழில்நுட்பக் கட்டுரைகள் வெள்ளமாய்ப் பெருக, தேடுபவர்களுக்குப் பழைய முறைகள் போதவில்லை. லண்டனில் 1952இல் கூடிய வகைப்பாட்டு ஆய்வாளர் குழு, ரங்கநாதனின் பட்டை முறையைக் கையில் எடுத்தது. இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனம் பொறியியலுக்கென்றே அந்த வழியில் ஒரு பகுப்பு முறையை உருவாக்கியது. 1962இல் பெங்களூரில் ஆவணவியல் ஆய்வுப் பயிற்சி மையத்தைத் தொடங்கி, ஆய்விதழ்க் கட்டுரைகளின் நுண்பொருள்களை வகைப்படுத்தும் பணியில் மாணவர்களை ஈடுபடுத்தினார் ரங்கநாதன்.

கோலன் முறை உலகை வென்றுவிடவில்லை. எண்கள் நீளமானவை, பதிப்புக்குப் பதிப்பு விதிகளும் மாறின. இந்தியாவிலேயே பல நூலகங்கள் டியூயியோடு நின்றுவிட்டன. தோற்றது எண்தான், எண்ணம் அல்ல. இன்று பல்கலைக்கழக நூலகத் தளத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் ஓரத்தில் துறை, ஆண்டு, இடம் என்று வடிகட்டிகள் வரிசையாக நிற்கின்றன. உலோகச் சோர்வைத் தேடும் பொறியாளருக்கு மனிதரின் உடற்சோர்வு பற்றிய மருத்துவக் கட்டுரைகளும் கூடவே வந்து கொட்டும்போது, அவரைக் காப்பாற்றுவது இந்த வடிகட்டிகளே. கணினித் துறையினர் இதை ஃபேசட் தேடல் என்கிறார்கள். ஃபேசட் என்ற அந்தச் சொல்லை நூலகவியலில் நிலைநாட்டியவர் ரங்கநாதன்.

நூலகவியல் பேராசிரியர் இருக்கை ஒன்றுக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். அதற்குத் தம் பெயரோடு மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்தார். 1957இல் பத்மஸ்ரீ, 1965இல் தேசிய ஆய்வுப் பேராசிரியர் பதவி. கணிதத்தையும் மறந்துவிடவில்லை, ராமானுஜனைப் பற்றி 1967இல் ஒரு நூல் எழுதினார். 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். கோலன் முறையின் ஏழாம் பதிப்பு அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1987இல்தான் வெளிவந்தது.