மறைமலையடிகளின் நூற்செல்வம்

துவராடை பூண்ட துறவி ஒருவர் நாலாயிரம் அளவினவாகிய அச்சுநூல்களைத் தம் வாணாள் முழுதும் தேடித் தொகுத்துப் பொருள்கொடுத்து வாங்கித் தம்மைவிட்டு அகலாது காத்து வைத்திருந்தார் எனின், அஃது அவர்தம் துறவுக்கு இழுக்காமோ ஆகாதோ என்னும் ஐயம் சைவ நன்மக்கள் சிலர்க்கு எழுதல் இயல்பே. சித்தாந்த நூல்வழி நோக்கினும் அவ்வையம் வலியுடைத்து. சிவஞான சித்தியார் ஒன்பதாஞ் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியர் வேத சாத்திர புராணங்களான் வரும் அறிவெல்லாவற்றையும் பாசஞானத்துள் அடக்கி, முதல்வன் அதனால் அறியப்படான் என நிறுவினார். பாசஞானத்துக்குக் கருவியாவனவற்றை அடுக்கடுக்காகச் சேர்த்தல் எற்றுக்கு? பல்லாவரம் மறைமலையடிகளைப் பற்றிய இவ்வினாவிற்கு விடை அவர்தம் வாழ்க்கையினின்றே பெறற்பாலதாகலின், அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

அடிகள் 1876-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் நாகப்பட்டினத்திற் பிறந்தனர். தந்தையார் சொக்கநாத பிள்ளை, தாயார் சின்னம்மையார். திருக்கழுக்குன்றத்து இறைவன் திருவருளாற் பிறந்த மகவென்று வேதாசலம் எனப் பெயரிட்டனர். நாகையில் வெசுலியன் கிறித்தவச் சங்கத்தார் நடத்திய பள்ளியில் ஆங்கிலம் பயின்றுவருகையில் தந்தையார் காலமாயினர். பொருள் முட்டுப்பாட்டால் பள்ளிப்படிப்பு இடையே நின்றது. கல்லூரியிற் பயின்று பட்டம் பெறாத இவர் பின்னர்க் கல்லூரி ஆசிரியராயினமைக்குக் காரணம் நாகையிலிருந்த ஒரு புத்தகக்கடையே.

அக்கடையை நடத்தியவர் வெ. நாராயணசாமி பிள்ளை என்னும் தமிழ்ப்புலவர். மனோன்மணீய ஆசிரியர் சுந்தரம் பிள்ளைக்கும் இளமையில் தமிழறிவுறுத்தியவர் இவரே. நூல் விற்பவரே நூல் கற்பிப்பவராகவும் இருந்தமை வேதாசலனார்க்கு வாய்த்த பெரும்பேறு. பொருளில்லாத மாணவன் விலைகொடுத்து வாங்கவியலாத நூல்களைக் கண்ணாற் காணவும், கையாற் புரட்டவும், ஐயந்தோன்றியவிடத்து உடனிருப்பாரை வினவவும் ஏற்ற இடம் இதனினும் வேறு யாது? அக்காலநிலையையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். இந்நாட்டு மக்கள் தாமே அச்சுக்கூடம் வைத்துத் தடையின்றி நூல் வெளியிடும் உரிமை 1835-ஆம் ஆண்டில் வந்தது. ஆறுமுக நாவலர் பதிப்புக்கள் சைவர் இல்லங்களிற் பரவியிருந்தன. 1887-இல் சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினர். 1889-இல் பத்துப்பாட்டும், 1894-இல் புறநானூறும் வெளிவந்தன. பல நூற்றாண்டுகள் ஏட்டில் உறங்கிய நூல்கள், வேதாசலனார் கற்கும் பருவத்திலேயே, அவர் கற்குந்தோறும் ஒவ்வொன்றாய் அச்சில் எழுந்து வந்தன. இன்று அரும்பொருளென்று தேடப்படும் அம்முதற் பதிப்புக்கள் அவர்க்கு அன்று புதுநூல்கள். பிற்காலத்துப் புலவர்க்குக் கிட்டாத வாய்ப்பு இஃது என்க.

இளமையிலேயே இவர் எழுத்து இதழ்களில் இடம் பெறலாயிற்று. சூளை சோமசுந்தர நாயகர் சைவசித்தாந்தம் விரித்துரைத்து வந்த காலம் அது. அவரை மறுத்து எழுதினாரை எதிர்மறுத்து, நாகை நீலலோசனி என்னும் கிழமை வெளியீட்டில் முருகவேள் என்னும் புனைபெயராற் கட்டுரைகள் எழுதினர். அவற்றைக் கண்ணுற்ற நாயகர் எழுதியவரைத் தேடி அறிந்து தம் மாணவராக்கிக்கொண்டனர். திருவனந்தைக்குச் சென்று சுந்தரம் பிள்ளையைக் கண்டு சின்னாள் ஆண்டு ஆசிரியப்பணி செய்து மீண்டபின், நாயகர் வாயிலாக ஜே. எம். நல்லசாமி பிள்ளையின் நட்பும் கிட்டியது. நல்லசாமி பிள்ளை 1897-இல் சித்தாந்த தீபிகையைத் தொடங்கியபோது அதன் தமிழ்ப்பதிப்பிற்கு இவரே முதற்கண் ஆசிரியராயினர். துகளறுபோதத்திற்கு உரை வகுத்ததும் அந்நாளிலேயே.

இங்கு ஒன்று கூறுதும். நீலலோசனி போன்ற கிழமைத்தாள்களைப் படித்தபின் காப்பாற்றி வைத்தார் மிகச் சிலர். நூலைக் கட்டமைத்துப் பேணுவாரும் இதழைப் பொட்டலம் மடிக்கக் கொடுத்துவிடுவர். ஆயினும் ஒரு காலத்துச் சைவவுலகம் எவற்றைக் குறித்து வாதிட்டது, எவர் யாரை மறுத்தார், எக்கருத்து எப்பொழுது தோன்றியது என்பன நூல்களிலன்றி இதழ்களிலும் துண்டு வெளியீடுகளிலுமே கிடைக்கும். 1903-ஆம் ஆண்டளவில் இராமலிங்க அடிகளின் பாடல்கள் அருட்பாவோ மருட்பாவோ என்று எழுந்த பெரும்பூசலில் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளை ஒருபுறமும் வேதாசலனார் மறுபுறமும் நின்று வாதிட்டனர். அப்பூசலில் இருதிறத்தாரும் அச்சிட்டு வழங்கிய சிறுவெளியீடுகள் எத்துணையோ. அவற்றுள் ஒன்றைக் காண இற்றைநாள் ஆராய்ச்சியாளர் நூலகந்தோறும் உழல வேண்டியுளது.

1898-ஆம் ஆண்டு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தனர். ஆங்கு வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் உடனாசிரியர். பதின்மூன்றாண்டு நடந்த இப்பணியின் ஊதியம் சிறிதாயினும், சென்னை வாழ்க்கை நூல்தேடுவார்க்குப் பெரிது. ஐரோப்பியர் ஊர்விட்டு நீங்குங்கால் விற்றுச்சென்ற நூல்களும், இறந்தார் வீட்டினின்று எடைக்கு வந்த நூல்களும் பழம்புத்தக வாணிகர் கைக்கு வந்துசேரும் நகரம் அது. 1900-இல் திறக்கப்பட்ட மூர் அங்காடி அவ்வாணிகத்துக்கு நிலைக்களமாகி, 1985-இல் தீக்கிரையாகும்வரை புலவரையும் மாணாக்கரையும் ஈர்த்துவந்தது. நூலின் அருமையறியாது குறைவிலைக்குக் கொடுக்கும் வாணிகனும், அறிந்து உயர்த்திச் சொல்லும் வாணிகனும் அங்கு அருகருகே இருந்தனர்.

வேதாசலனார் நூல்களை வாங்கியது அடுக்கி அழகுபார்ப்பதற்கன்று. வாங்கியது வாசித்தற்கு, வாசித்தது தமிழுக்கு ஆக்குதற்கு. இதற்குச் சான்று அவர்தம் நூல்களே. 1711, 1712-ஆம் ஆண்டுகளில் இலண்டனில் நாடோறும் வெளிவந்த ஸ்பெக்டேட்டர் என்னும் தாளில் அடிசன் எழுதிய கட்டுரைகள் சிலவற்றைத் தழுவிச் சிந்தனைக் கட்டுரைகள் எழுதினர். இருநூறாண்டு பழமையுடைய அயல்நாட்டு இதழொன்று இவ்வாறு தமிழ் உரைநடைக்கு எரு ஆயிற்று. ரெயினால்ட்ஸ் இயற்றிய ஆங்கிலக் கதையைத் தழுவிக் குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி எழுந்தது. வடமொழியினின்று காளிதாசர் சாகுந்தலம் 1907-இல் தமிழாயிற்று. 1903-இல் வெளியான முல்லைப்பாட்டாராய்ச்சியுரையில், பழம்பாட்டை ஆராயும் முறையில் மேனாட்டுத் திறனாய்வாளர் காட்டிய நெறியைக் கைக்கொண்டனர். நச்சினார்க்கினியர் உரையை மறுத்து எழுதிய அவ்வுரை எல்லார்க்கும் உடன்பாடன்று. எமக்கும் சிலவிடங்களில் அவ்வாறே. ஆயின், கற்றார் கூறியதையே திருப்பிக் கூறும் வழக்கத்தினின்று அது தமிழாராய்ச்சியை வெளிக்கொணர்ந்தது என்பதில் ஐயமில்லை.

1902-இல் ஞானசாகரம் என்னும் திங்களிதழைத் தாமே தொடங்கினர். பின்னர் அறிவுக்கடல் என்று தமிழ்ப்பெயர் பூண்ட அவ்விதழ் இடையிடையே நின்றும் மீண்டும் எழுந்தும் நெடுங்காலம் நடந்தது. 1905-ஆம் ஆண்டு சிதம்பரத்தில் சைவசித்தாந்த மகாசமாசம் நிறுவப்பெற்றபோது அதற்கு உயிராய் நின்று உழைத்தார். ஊரூராய்ச் சென்று விரிவுரை நிகழ்த்தினார். 1911-இல் பல்கலைக்கழகம் தமிழைக் கட்டாயப் பாடமன்றென நீக்கியமையால் கல்லூரிப்பணியை விட்டுப் பல்லாவரத்திற்குக் குடிபுகுந்து, அவ்வாண்டிலேயே துறவு பூண்டு சமரச சன்மார்க்க நிலையத்தை ஏற்படுத்தினார். அது பிற்காலத்தில் பொதுநிலைக் கழகமாயிற்று. மனைவி மக்களோடு ஓரில்லத்திருந்தே துறவொழுக்கம் மேற்கொண்டமையை மடங்களின் மரபு கொண்டு அளப்பார் உளர். அவ்வழக்கை ஈண்டுத் தீர்க்கப் புகுந்திலேம். 1916-இல் தனித்தமிழ் விரதம் பூண்டு வேதாசலம் என்னும் பெயரையும் மறைமலை என மாற்றிக்கொண்ட வரலாறு யாவரும் அறிந்தது.

மாத ஊதியம் நின்றபின் குடும்பம் நடந்தது எவ்வாறு? விரிவுரைக்கு வந்த பொருளும், நூல் விற்ற பொருளுமே வழி. பல்லாவரத்தில் திருமுருகன் அச்சுக்கூடம் அமைத்துத் தம் நூல்களைத் தாமே அச்சிட்டு, விலையிட்டு விற்றார். நாகைக் கடையிற் பொருளின்றி நின்று கற்ற மாணவர் தாமும் நூல் விற்பவரானார். துறவி நூல் விற்றல் தகுமோ என்பார்க்கு யாம் கூறுவது இது: மடத்துக்கு நிலமும் கட்டளையும் உள. நிலமும் கட்டளையும் இல்லாத துறவி, தாளும் மையும் கூலியும் விலைகொடுத்துப் பெறுங்கால், நூலை விலையின்றிக் கொடுப்பின் அடுத்த நூல் அச்சேறாது. விற்றுவந்த பொருளிலும் ஒருபகுதி மீண்டும் நூலாகவே அவர் இல்லத்துள் நுழைந்தது. அவ்வாறு திரண்டதே மணிமொழி நூல்நிலையம்.

அந்நிலையத்தின் பெரும்பயன் 1930-இல் வெளிவந்த மாணிக்கவாசகர் வரலாறும் காலமும். கல்வெட்டு, புராணம், பழம்பாட்டு, மேனாட்டார் வரைந்த வரலாற்றாராய்ச்சி அனைத்தையும் ஒருங்குவைத்து நோக்கி, வாதவூரடிகள் மூன்றாம் நூற்றாண்டினர் என முடிவு கூறும் நூல் அது. ஒன்பதாம் நூற்றாண்டினர் என்பதே ஆராய்ச்சியாளருட் பலர் கொண்ட முடிபு. அடிகள் முடிபு நில்லாதாயினும், அம்முடிபுக்கு அவர் திரட்டிய கருவிகள் நிற்கின்றன. மறுப்பாரும் அந்நூலைத் திறந்தே மறுக்க வேண்டியுளது. ஒரு தனிமனிதர், பல்கலைக்கழகத்து நூலகம் எதனையும் சாராது, தம் வீட்டு நூல்களைக் கொண்டே இவ்வளவு செய்தமை வியத்தற்குரியது.

இனி முதற்கண் எழுப்பிய ஐயத்தை நோக்குவாம். பாசஞானத்தால் முதல்வனை அறியலாகாது என்ற அருணந்தியாரே, அதன் முன்னைச் சூத்திரத்தில், ஞானநூல்களைக் கற்றலும் கற்பித்தலும் கேட்டலும் கேட்பித்தலும் சிந்தித்தலும் இறைவனடியை அடைவிக்கும் ஞானபூசையென்று வைத்தார். இரண்டும் முரணா. கோயிலிற் பூசைக்குரிய மலரும் நீரும் இறைவனல்ல; மலரும் நீருமின்றிப் பூசையுமில்லை. பூசகன் நந்தவனம் வளர்த்தலை உலகப்பற்றென்று எவரும் இகழார். இனி, நந்தவனத்து மலரைத் தன் வீட்டிற் பூட்டிவைப்பனேல் அது பற்றேயாம். ஆகவே அடிகளின் நூற்சேர்க்கை பற்றோ பூசையோ என்பதை அறுதியிடுவது, அந்நூல்கள் அவர்க்குப்பின் எங்குச் சென்றன என்பதே.

தனியார் தொகுத்த நூல்கள் பெரும்பாலும் இரண்டாந் தலைமுறையிற் சிதறும். மைந்தர்க்குத் தந்தை சேர்த்தவற்றில் நாட்டமில்லையாயின் பழம்புத்தக வாணிகன் வாயிலில் வந்து நிற்பான். வாணிகனைக் குறை கூறற்கில்லை. அவன் வாராவிடின் செல்லும் அடுப்பும் கொள்ளும். தாளோ ஏட்டைப்போல் நெடுநாள் நில்லாது. எண்ணெய் பூசி நிழலில் வைத்த பனையோலை முந்நூறாண்டும் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழினாற் செய்யப்பட்ட தாள் தன்னுள் உள்ள புளிப்பினாலேயே பழுத்து, நூறாண்டு நிரம்புமுன் விரல்பட்டவிடத்து நொறுங்கும். ஆதீனங்கள் ஏடுகளைக் காத்த அளவிற்கு அச்சுநூல்களையும் பழந்திங்களிதழ்களையும் காத்தன என்று கூறவியலாது. அச்சிட்டது எங்கும் கிடைக்கும் என்னும் எண்ணமே அதற்குக் காரணம். கோட்டையூரில் விளம்பரப்பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா செட்டியார் என்பார் பழநூல்களையும் பழவிதழ்களையும் கிடைத்தவிடமெல்லாம் தேடிச்சேர்த்தனர். அவர் 1992-இல் மறைந்தபின் அத்தொகுதியை விலைக்குக் கொண்டது சிகாகோப் பல்கலைக்கழகம். நூல்கள் சென்னையிலேயே நிலைபெற்றமை நற்பேறு. எனினும் விலைகொடுக்க முன்வந்தோர் கடல்கடந்தார் என்பது சைவச் செல்வர் எண்ணிப்பார்த்தற்குரியது.

அடிகள் இதனை முன்னறிந்தவர்போல், தம் நூல்நிலையம் பொதுமக்கட்குப் பயன்படவேண்டுமென விருப்ப ஆவணம் எழுதிவைத்தனர். 1950-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் பல்லாவரத்தில் இறைவனடி சேர்ந்தனர். 1920 முதல் நடந்துவரும் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார், வ. சுப்பையா பிள்ளையின் முயற்சியால் அந்நூல்களைப் பெற்று, 1958-ஆம் ஆண்டில் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையம் எனத் திறந்தனர். அடிகள் தொகுத்த நாலாயிரத்தைச் சூழ்ந்து வேறு அறிஞர் தொகுதிகளும் வந்து சேர்ந்தன. நூல்நிலையம் பின்னாளிற் கன்னிமாரா நூலகத்திற்குப் பெயர்ந்தது.