மதுவில் தொடங்கிய மருத்துவம்

நோய்களுக்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் என்று உலகை நம்பவைத்த லூயி பாஸ்டர் மருத்துவம் படித்தவர் அல்லர், வேதியியல் படித்தவர். அவருக்கு வழி காட்டியது திராட்சை மது என்றால் நண்பர்கள் வியப்படையலாம்.

பாஸ்டர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பிரான்சு நாட்டில் டோல் என்னும் ஊரில், தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். அவர் வளர்ந்த ஆர்புவா, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்.

மதுப் பீப்பாய்களின் உட்புறத்தில் டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படியும். அவ்வமிலக் கரைசல் ஒரே தளத்தில் அதிரும் ஒளியைத் திருப்பும். அதே கூட்டமைப்புடைய இன்னோர் அமிலமோ திருப்பாது. ஏன்? 1848-இல் பாஸ்டர் இரண்டாம் அமிலத்தின் உப்புப் படிகங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஒவ்வொன்றாகப் பிரித்தார். இடக்கையும் வலக்கையும் போல் இருவகைப் படிகங்கள் அதில் கலந்திருந்தன! ஒன்று திருப்பியதை மற்றொன்று ஈடுசெய்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 25. நம்மில் பலரைவிட இரண்டொரு வயதே மூத்தவர்.

1856-இல் லில் நகரில் பேராசிரியராக இருந்தபோது, பீட் கிழங்கிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலைக்காரர் ஒருவர் தம் தொட்டிகள் கெடுவதாக அவரிடம் முறையிட்டார். சர்க்கரை மதுவாவது உயிரற்ற சிதைவே என்பது ஜெர்மானிய அறிஞர் லீபிக்கின் கொள்கை. அது உயிருள்ள ஈஸ்டின் செயல் என்று பாஸ்டர் நிறுவினார். ஈஸ்டைப் பிழிந்த சாறே போதும் என்று 1897-இல் புக்னர் காட்டியபோது, லீபிக்கின் பக்கமும் சிறிது உண்மை உண்டெனத் தெரிந்தது.

1863-இல் மன்னர் மூன்றாம் நெப்போலியன், மது கெடுவதற்குக் காரணம் காணுமாறு பாஸ்டரை வேண்டினார். மதுவைக் கெடுப்பவை வேறு நுண்ணுயிர்கள் என்றும், காற்றுப் படாமல் 50 முதல் 60 பாகை செல்சியஸ் வரை சிறிது நேரம் சூடாக்கினால் அவை மடியும் என்றும் அவர் கண்டார். இன்று உயர்ந்த மதுவைப் பெரும்பாலும் அவ்வாறு சூடாக்குவதில்லை. ஆனால் பாக்கெட்டில் வரும் நம் விடுதிப் பாலைக் காப்பது, வெப்பநிலை வேறானாலும், அதே முறைதான்.

இந்த ஆண்டுகளிலேயே அவர் வீட்டில் துயரம் புகுந்தது. 1859-இல் மூத்த மகளையும், 1865, 1866 ஆண்டுகளில் மேலும் இரு மகள்களையும் இழந்தார். மதுவின் நோய்க்கு மருந்து கண்டவருக்குத் தம் மக்களைக் காக்க வழியில்லை. 1868-இல் பக்கவாதம் அவரது இடப்பக்கத்தைச் செயலிழக்கச் செய்தது. ஆயினும் ஆய்வை விட்டாரில்லை. 1885-இல் வெறிநாய் கடித்த சிறுவனுக்குத் தடுப்பு மருந்து செலுத்தினார், சிறுவன் பிழைத்தான்.

1895 செப்டம்பர் 28-ஆம் நாள் பாஸ்டர் மறைந்தார். 1907-இல் நம் குன்னூரில் வெறிநாய்க்கடி மருத்துவத்திற்கென எழுந்த நிலையம் அவர் பெயரையே தாங்கிற்று. பீப்பாயில் படிந்த உப்பையும் பொருட்படுத்தி நோக்கியவர் அவர். நம் ஆய்வுக்கூடத்தில் சிறிதென்று நாம் ஒதுக்கிய கேள்விகள் எத்தனையோ!