கிளாட் ஜோன்சன்

கிளாட் குட்மன் ஜோன்சன் (அக்டோபர் 24, 1864 - ஏப்ரல் 11, 1926) பிரித்தானியத் தானுந்து (கார்) தொழிலின் முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குனராகப் பணியாற்றினார். அவ்விரு பெயர்களுக்கும் நடுவே உள்ள இணைப்புக்கோடு என்று இவரைக் குறிப்பிடுவதுண்டு.

தொடக்க காலம்

இலண்டனுக்கு அருகிலுள்ள டாட்செட்டில் பிறந்தார். 1897 இல் தொடங்கப்பட்ட பிரித்தானியத் தானுந்துக் கழகத்தின் முதல் செயலாளரானார். 1900 ஆம் ஆண்டு 1000 மைல் ஓட்டச் சோதனையை ஒழுங்குபடுத்தியவர் இவரே. அதில் சார்லசு ரோல்சும் கலந்துகொண்டார். பின்னர் 1903 இல் ரோல்சின் விற்பனை நிறுவனத்தில் ஜோன்சன் சேர்ந்தார்.

1907 சோதனை

அக்காலத்தில் ஆறு உருளைப் பொறிகளுக்கு நற்பெயர் இல்லை. அதிர்வினால் அவற்றின் வணரித்தண்டு முறிவது வழக்கம். ஹென்றி ராய்ஸ் வடிவமைத்த 7036 கன செ.மீ. பொறியும் ஆறு உருளைகள் கொண்டதே. எனவே ஜோன்சன் அவ்வண்டியைக் கழகப் பார்வையாளர்களின் முன்னிலையில் பொதுச்சாலையில் ஓட்ட முடிவு செய்தார. வண்டி பழுதாகி நின்றிருந்தால் இளம் நிறுவனத்தின் பெயர் கெட்டிருக்கும். வெள்ளி வண்ணம் பூசி, 'சில்வர் கோஸ்ட்' என்று அதற்குப் பெயரிட்டவரும் இவரே. அது இன்றைய செடான் போன்று மூடிய வண்டியன்று, திறந்த உடலமைப்புடையது.

ஸ்கொட்லாந்துச் சோதனைக்குப் பின் இலண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே, ஞாயிறு தவிர, இரவு பகலாக அது ஓடியது. எரிபொருள் குழாயின் அடைப்பான் அதிர்வில் தானே மூடிக்கொண்டதால் ஒருமுறை நின்றது. அதன்பின் 14,371 மைல்கள் (சுமார் 23,000 கி.மீ.) பழுதின்றி ஓடியது. சென்னை-விழுப்புரம் சாலையை 140 தடவை கடப்பதற்கு இது ஏறத்தாழச் சமம். அக்காலச் சாலைகளின் நிலையை எண்ணினால் இது பெருஞ்செயலே. இறுதியில் பொறியைப் பிரித்துப் பார்த்தபோது மிகச் சில உறுப்புகளே தேய்ந்திருந்தன.

இந்தியாவில்

1908 இல் மும்பை-கோலாப்பூர் ஓட்டச் சோதனையில் மற்றொரு சில்வர் கோஸ்ட் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களைக் கடந்து வென்றது. அதனைக் குவாலியர் மன்னர் மாதவராவ் சிந்தியா வாங்கினார். இந்திய மன்னர்கள் இந்நிறுவனத்தின் முக்கிய வாடிக்கையாளராயினர்.

பிற்காலம்

1910 இல் ரோல்ஸ் வானூர்தி விபத்தில் இறந்தார். மறு ஆண்டு ராய்ஸ் கடும் நோயுற்றார். ஜோன்சன் அவரைத் தென்பிரான்சில் தங்கச் செய்து, தொழிற்சாலையை விட்டு விலகி அங்கிருந்தே வடிவமைப்பைத் தொடர ஏற்பாடு செய்தார். நிறுவனம் பிழைத்ததற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம். வண்டிகளின் முகப்பிலுள்ள பெண்ணுருவச் சின்னத்தைச் சிற்பி சார்லசு சைக்சைக் கொண்டு 1911 இல் உருவாக்கச் செய்தவரும் ஜோன்சனே.

1926 இல் இவர் இறந்தபின் தம்பி பேசில் ஜோன்சன் அப்பொறுப்பை ஏற்றார்.