பட்டறையில் பிறந்த தொலைநோக்கி

வானியல்னா பெரிய படிப்பு படிச்சவங்க சமாச்சாரம், டிப்ளமோக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் வேணு பாப்புவைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

1927-ல் சென்னையில் பிறந்தவர். அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வானாய்வு நிலையத்தில் வேலை. மாணவராக இருக்கும்போதே ஆசைக்காக வானம் பார்க்கத் தொடங்கி, ஒளி மாறும் விண்மீன்களைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். 1949-ல் மேற்படிப்புக்கு அமெரிக்காவின் ஹார்வர்டு போனார். அந்த ஜூலையிலேயே அவர் எடுத்த வானப்படத் தட்டில் ஒரு புது வால்நட்சத்திரம்! பாப்பு, போக், நியூகிர்க் என்ற மூவர் பெயரும் அதற்கு அமைந்தது.

வானத்தைப் படமெடுப்பது லேசுப்பட்ட வேலையா? மார்கழி இரவில் எங்கள் வேப்பம்பட்டு மொட்டை மாடியிலிருந்து ஓரியன் நெபுலாவைப் பார்த்திருக்கிறேன். மங்கலாக ஒரு புகை, அவ்வளவுதான். கண்ணால் வெளிச்சத்தைச் சேர்த்து வைக்க முடியாது. போட்டோ தட்டால் முடியும். 1880-ல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி டிரேப்பர் அதை முதன்முதலாகப் படம் பிடித்தபோது, ஏறத்தாழ 50 நிமிடம் தட்டில் ஒளி விழ விட்டார். அதற்குள் பூமி 12 டிகிரிக்கு மேல் சுழன்றுவிடும். தொலைநோக்கியும் அதே வேகத்தில் நழுவாமல் திரும்பணும். கியரில் சின்ன ஆட்டம் இருந்தாலும் புள்ளியாக விழ வேண்டிய நட்சத்திரம் கோடாகிவிடும். ஆக, பாதி வேலை மெக்கானிக்கல்காரன் கையில்!

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் பாப்பு. 1960-ல் கொடைக்கானல் வானாய்வு நிலையத்தின் இயக்குநரானார். ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்து, சொந்தப் பட்டறையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியை 1968-ல் இயங்க வைத்தார். அடுத்து, 2.34 மீட்டர் தொலைநோக்கியையும் நம் நாட்டிலேயே செய்வது என்று துணிந்தார். பெங்களூரில் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றினார்கள். எந்திரப் பகுதிகள் வால்சந்த்நகர் தொழிற்சாலையில் உருவாயின.

அது முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1982 ஆகஸ்டில், 55 வயதில், ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் காலமானார். ஆனாலும் வேலை நிற்கவில்லை. 1986 ஜனவரியில் அந்தத் தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

வெளிநாட்டில் வாங்கியிருந்தால் தொலைநோக்கி மட்டும்தான் வந்திருக்கும். இங்கே செய்ததால் செய்யத் தெரிந்த கைகளும் கிடைத்தன. தலைவர் போன பின்னும் வேலையை முடித்தது அந்தக் கைகள்தான். நண்பர்களே, ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடிக்க அலுப்பாக இருக்கும்போது இதை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்!